வருத்தம் இல்லாத நாளில் கிளினிக்குப் போங்கள்

எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கிளினிக் என்றால் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது போகிற இடம். கடைசிப் பிள்ளைக்கு ஊசி போட்டு முடிந்ததோடு அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. பிறகு சுகர் வந்தால், பிரஷர் வந்தால் ஆஸ்பத்திரி. அதுவும் தலை சுற்றி விழுந்த பிறகு. மன்னார்த் தீவில் எங்கள் தாராபுரத்தில் மட்டுமா? எருக்கலம்பிட்டியிலும் கரிசலிலும் பேசாலைப் பக்கத்திலும் இதே கதைதான். முஸ்லிம் வீடு, கத்தோலிக்க வீடு என்ற வித்தியாசம் இதில் இல்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்று, பேத்திமாருக்குப் பிள்ளை பிறக்கிற வயதுக்கு வந்துவிட்டவள் நான். இளம் பெண்களும் மாமிமாரும் என்னிடம் வந்து மெதுவான குரலில் கேட்கிற கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்க வேண்டும் என்று கன நாளாக நினைத்திருந்தேன்.

இந்தக் கிளினிக் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1926-இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவுதான் இதற்கு அடி. வருத்தம் வந்தவரை ஆஸ்பத்திரி பார்க்கட்டும், வருத்தம் வராமல் பார்ப்பதற்கு ஊருக்குள்ளேயே ஆட்கள் இருக்கட்டும் என்று அன்றைக்குப் பிரித்தார்கள். இன்று நாடு முழுவதும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் இருக்கின்றன. அவற்றின் கீழ் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குடும்பநல உத்தியோகத்தர். நாங்கள் மிட்வைஃப் மிஸ் என்கிறோமே, அவர்தான். 1940களின் தொடக்கத்தில் இலங்கையில் ஒரு இலட்சம் பிள்ளை உயிரோடு பிறந்தால் ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இப்போது அந்தக் கணக்கு முப்பதை ஒட்டி நிற்கிறது. இலவச வைத்தியமும் பெண்பிள்ளைகளின் படிப்பும் மலேரியாவை அடக்கியதும் அதற்குக் காரணம். வெயிலில் வீடு வீடாக நடந்த மிஸ்மாரின் உழைப்பும் காரணம். எந்தச் சேவைக்கும் ஒரு சதம் கொடுக்க வேண்டியதில்லை. இதை நாங்கள் பெரிதாக எண்ணாமல் இருப்பது எனக்கு மனவருத்தம்.

பிள்ளை தங்கியிருக்கிறது என்று தெரிந்ததும், எட்டு வாரக் கர்ப்பம் ஆவதற்குள் மிஸ்ஸிடம் பதிய வேண்டும் என்கிறார்கள். "மூன்று மாதம் போகட்டும், கண்ணூறு படும்" என்று மறைத்து வைப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். ஊருக்குச் சொல்லாமல் இருப்பது உங்கள் விருப்பம், மிஸ்ஸிடம் மறைக்காதீர்கள். பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருப்பெறுகிற வேலை முதல் சில வாரங்களிலேயே நடந்துவிடுகிறது. அதற்கு உதவுகிற போலிக் அசிட் குளிசையை மூன்றாம் மாதத்தில் தொடங்கினால் பிந்திவிட்டது. சொல்லப்போனால் பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே தொடங்க வேண்டிய குளிசை அது.

பதியப் போனதும் கேட்கிற முதற் கேள்வி, கடைசி மாதவிடாய் எந்தத் திகதியில் தொடங்கியது என்பது. அந்த நாளிலிருந்து 280 நாள் எண்ணித்தான் பிரசவத் திகதியைக் குறிக்கிறார்கள். எந்த வாரத்தில் எந்தச் சோதனை, பிள்ளை வளர்ச்சி சரியா, நாள் தாண்டிவிட்டதா என்பதெல்லாம் அந்த ஒரு திகதியில் தொங்குகிறது. இதைக் கேட்டதும் எங்கள் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு "தெரியாது மிஸ்" என்கிறார்கள். என்னால் நம்ப முடிவதில்லை. எங்கள் வீடுகளில் தொழுகை இல்லாத நாளைப் பெண் கணக்கு வைக்காமல் இருப்பாளா? எந்த நாள் நின்றது, எந்த நாள் குளித்துத் தொழத் தொடங்கினோம், நோன்பில் எத்தனை விட்டோம், எத்தனை களாச் செய்ய வேண்டும் என்று விரல் மடித்து எண்ணுகிறவர்கள் நாங்கள். தெரியும், சொல்ல வெட்கம், அவ்வளவுதான். ஒவ்வொரு மாதமும் தொடங்குகிற திகதியைக் கலண்டரில் ஒரு புள்ளி வைத்து அடையாளம் செய்யச் சொல்லி உங்கள் மகள்மாருக்குப் பழக்குங்கள். வயதுக்கு வந்த நாளிலிருந்தே பழக்குங்கள்.

போன வருடம் பேத்தியோடு கிளினிக்குப் போயிருந்தபோது பக்கத்து வாங்கில் ஒரு மாமியும் மருமகளும் இருந்தார்கள். மிஸ் மருமகளிடம் கேட்கிறார், மாமி பதில் சொல்கிறார். "சாப்பாடு எப்படி?" என்றால், "நல்லாத்தான் தின்னுது." "சத்தி இருக்கா?" என்றால், "எல்லாருக்கும் இருக்கிறதுதானே." அந்தப் பிள்ளை கறுப்பு அபாயாவின் கையோரத்தைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள். மிஸ் கோபப்படவில்லை. "உம்மா, நீங்க கொஞ்சம் வெளியில காத்து வாங்குங்க, நான் கூப்பிடுறன்" என்றார். மாமி முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனார். கதவு சாத்திய பிறகு உள்ளே கன நேரம் பேச்சு நடந்தது. அவள் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. வெளியில் வரும்போது நிமிர்ந்து வந்தாள்.

ஏன் தனியாகக் கூப்பிடுகிறார்கள் என்று மாமிமார் என்னிடம் கேட்கிறார்கள். "நாங்க என்ன வேற ஆக்களா?" என்று குறைப்படுகிறார்கள். பிள்ளை விருப்பத்தோடுதான் உண்டானதா, முன்பு ஏதும் கலைந்ததா, வீட்டில் நிம்மதி இருக்கிறதா, யாரும் கை நீட்டுகிறார்களா என்று கேட்க வேண்டியிருக்கிறது. மாமியையும் புருஷனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்தப் பெண்ணும் இவற்றுக்கு உண்மை சொல்ல மாட்டாள். அடி வாங்குகிற பெண்ணுக்கு உதவுவதற்கென்றே அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ‘நட்பு நிலையம்’ வைத்திருக்கிறார்கள். சிங்களத்தில் மிதுரு பியச என்பார்கள். 1938 என்ற இலக்கத்துக்கு அழைத்தாலும் பெண்களுக்கான உதவி கிடைக்கும். உள்ளே சொன்னது வெளியே போகக்கூடாது என்பது அந்த வேலையின் கட்டுப்பாடு. சோதனை முடிவு அந்தப் பெண்ணுக்கு உரியது. புருஷன் கேட்டாலும் மாமி கேட்டாலும் அவள் சம்மதம் இல்லாமல் சொல்லக்கூடாது. யாராவது மீறினால் மேலதிகாரியிடம் முறையிட உங்களுக்கு உரிமை இருக்கிறது.

புருஷன்மார் வரலாமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாக வரலாம், வரவேண்டும். இரத்தம் தேவைப்பட்டால் யார் கொடுப்பது, இரவில் வலி கண்டால் எந்த வாகனம், மூத்த பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதெல்லாம் அவர் காதிலும் விழ வேண்டும். ஆனால் உடம்பைச் சோதிக்கிற நேரம் யார் உள்ளே நிற்பது என்பதைப் பெண்தான் தீர்மானிக்க வேண்டும். ஆண் டொக்டராக இருந்தால் பக்கத்தில் ஒரு பெண் உத்தியோகத்தர் நிற்க வேண்டும் என்று கேளுங்கள். அதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இரத்தம் எடுக்கும்போது இன்னொரு முணுமுணுப்பு எழும். இரத்த வகை, இரும்புச்சத்து, சீனி இவற்றோடு எச்.ஐ.வி., சிபிலிஸ் ஆகியவற்றுக்கும் பார்க்கிறார்கள். "என்னைச் சந்தேகப்படுறாங்களா?" என்று ஒரு பெண் கண் கலங்கக் கேட்டாள். யாரையும் சந்தேகப்பட்டு எடுப்பதில்லை மகள். கொழும்பில் பெரிய பங்களாவில் இருக்கிற பெண்ணுக்கும் மன்னார்த் தீவில் ஓலை வீட்டில் இருக்கிற பெண்ணுக்கும் ஒரே சோதனைதான். எல்லாரையும் பார்த்ததால்தான் தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்த இரண்டு நோயும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2019 டிசம்பரில் சான்று கொடுத்தது. நம் ஊர்ப் பெண்கள் கை நீட்டிக் கொடுத்த இரத்தமும் அந்தச் சான்றில் சேர்ந்திருக்கிறது.

இரும்புச்சத்துக் குளிசை குடித்தால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்று சொல்லிப் பரண் மேல் பதுக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வெறும் கதை. இரத்தம் குறைந்த தாய்க்குப் பிரசவத்தில் கொஞ்சம் இரத்தம் போனாலே உயிருக்கு ஆபத்து. அதற்காகத்தான் அந்தக் குளிசை. குடிக்கிறவர்களும் தேத்தண்ணியோடு சேர்த்துக் குடித்து அதன் பலனைக் கெடுக்கிறார்கள். தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. தேத்தண்ணிக்கும் குளிசைக்கும் ஓரிரு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். தேசிக்காய்த் தண்ணியோடு குடித்தால் நல்லது. கல்சியம் குளிசையை வேறு நேரத்தில் குடியுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள்.

ரமழான் வந்தால் கர்ப்பிணி நோன்பு பிடிக்கலாமா என்ற கேள்வி வீடு வீடாக எழும். தனக்கோ பிள்ளைக்கோ கெடுதி வரும் என்று அஞ்சுகிற தாய்க்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. சீனி வருத்தம், பிரஷர், இரத்தக் குறைவு உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்காமல் நிய்யத்து வைக்காதீர்கள். அல்லாஹ் தந்த சலுகையை மாமியார் பறிக்கக்கூடாது என்று நான் வெளிப்படையாகவே சொல்லி வருகிறேன்.

இனி, நான் எழுத நினைத்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

போர்க்காலத்தில், 1990 ஒக்டோபர் கடைசியில், எங்களை ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். மன்னார்த் தீவு முஸ்லிம்கள் வள்ளங்களில் ஏறிக் கல்பிட்டிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து புத்தளத்து முகாம்கள். ஓலைக் குடிசைக்கும் ஓலைக் குடிசைக்கும் இடையில் ஒரு சேலைத் திரைதான் மறைப்பு. என் சாச்சி, உம்மாவின் தங்கச்சி, எங்களோடுதான் இருந்தா. புருஷனை முன்பே இழந்தவ. மாதவிடாய் நின்று சில வருடம் கழித்து அவவுக்கு மறுபடி இரத்தம் காணத் தொடங்கியது. எங்களுக்குச் சொல்லவில்லை. எல்லாரும் படுத்த பிறகு கிணற்றடிக்குப் போய் இருட்டில் துணி அலசுவா. கேட்டால் "வெக்கையில தூக்கம் வரல்ல" என்பா. துணி காயப்போட மறைவான இடம் இல்லாமல், ஈரத்தோடேயே மடித்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறா. அந்தப் பெட்டியை நான் பிறகுதான் திறந்தேன். நாற்றம் வந்து, இடுப்பு வலி எழும்பவிடாமல் ஆக்கிய பிறகே வாய் திறந்தா. மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கருப்பைக் கழுத்தில் புற்று, முற்றிவிட்டது என்றார்கள். சில மாதத்தில் போய்விட்டா.

மாதவிடாய் நின்று ஒரு வருடம் கடந்த பெண்ணுக்கு ஒரு சொட்டு இரத்தம் கண்டாலும் அது டொக்டரிடம் போக வேண்டிய காரியம். இளமை திரும்பிவிட்டது என்றோ சூடு என்றோ சொல்லித் தட்டிக்கழிக்கக் கூடாது. புருஷனோடு சேர்ந்த பிறகு இரத்தம் படுவதும், இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் இரத்தம் வருவதும், நாற்றத்தோடு வெள்ளை படுவதும் அப்படித்தான். எங்கள் மார்க்கச் சட்டமே ஹைழ் வேறு, இஸ்திஹாழா வேறு என்று பிரித்து வைத்திருக்கிறது. வழமையான உதிரம் இது, வருத்தத்தால் வருகிற உதிரம் அது என்று மதரஸாவில் சிறு வயதிலேயே படித்தோம். தொழுகைக்காகப் படித்ததை உடம்புக்காகவும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சாச்சியைப் போன்ற பெண்களை நினைத்துத்தானோ என்னவோ, 1996-இல் இந்த நாட்டில் வெல் வுமன் கிளினிக்கைத் தொடங்கினார்கள். சுவநாரி கிளினிக் என்றும் சொல்வார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு கெய்ரோவில் நடந்த சனத்தொகை மாநாட்டில், பெண்ணின் சுகம் என்றால் பிள்ளைப்பேறு மட்டுமில்லை என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்டிருந்தன. 35 வயதானதும் அங்கே போக வேண்டும். 45-இல் மறுபடியும். பிரஷர், சீனி, நிறை, மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாவற்றையும் பார்த்துவிடுவார்கள். வருத்தம் இருக்கிறவளுக்கு என்று வைத்த கிளினிக் இல்லை இது. ஒன்றுமே இல்லை என்று நினைக்கிற பெண்தான் இங்கே போக வேண்டும்.

உள்ளே என்ன செய்வார்கள் என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. ஆகவே இருப்பதை அப்படியே சொல்கிறேன். திரை மறைவில் கட்டிலில் படுக்க வைத்து, மேலே துணி போர்த்தி, முழங்காலை மடிக்கச் சொல்வார்கள். ஒரு கருவியால் மெல்ல விலக்கி, கருப்பைக் கழுத்தில் சிறு குச்சியாலோ தூரிகையாலோ ஒரு தடவை துடைத்து எடுப்பார்கள். சில நிமிட வேலை. சங்கடமாக இருக்கும், வலி பெரிதாக இருக்காது. மூச்சை இழுத்து விட்டு உடம்பைத் தளர்த்திக்கொண்டால் இன்னும் இலகு. எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் தடவி ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். கிரேக்கத்தில் பிறந்த பாப்பனிக்கொலாவ் என்ற டொக்டர் கண்டுபிடித்த முறை என்பதால் பாப் ஸ்மியர் என்று பெயர். 1940களிலிருந்து உலகம் முழுக்க எத்தனையோ பெண்களைக் காப்பாற்றியிருக்கிறது. இப்போது எச்.பி.வி. என்ற கிருமி இருக்கிறதா என்றே நேராகப் பார்க்கிற புதிய சோதனையும் வந்திருக்கிறது. மாதவிடாய் நாட்களில் போகாதீர்கள். இரண்டு நாள் முன்பிருந்து புருஷனோடு சேராமலும், உள்ளே மருந்து வைக்காமலும், உட்புறத்தைக் கழுவாமலும் இருங்கள். முடிவு வரச் சில வாரம் பிடிக்கலாம். வரவில்லையென்றால் ஒன்றுமில்லை என்று இருந்துவிடாமல் மிஸ்ஸிடம் போய்க் கேளுங்கள். ‘மாற்றம் இருக்கிறது’ என்று எழுதி வந்தால் அது புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. அந்தக் கிருமி உண்டாக்குகிற மாற்றம் புற்றாக முற்றப் பத்துப் பதினைந்து வருடம்கூட எடுக்கும். அந்த நீண்ட அவகாசத்துக்குள் பிடித்துவிட்டால் சிறிய வைத்தியத்தோடு முடிந்துவிடும். சாச்சிக்கும் அந்த அவகாசம் இருந்தது. பார்க்க வழி இருக்கவில்லை.

மார்பை நீங்களே மாதம் ஒரு முறை தடவிப் பாருங்கள். மாதவிடாய் தொடங்கி ஒரு கிழமை கழிந்த நாட்கள் அதற்கு நல்லவை. நின்றுபோனவர்கள் மாதத்தில் ஏதாவது ஒரு திகதியை வைத்துக்கொள்ளலாம். இலங்கைப் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் மார்புப் புற்றுத்தான் முதலாவது. வலிக்காத கட்டிதானே என்று விட்டுவிடாதீர்கள். வலிக்காத கட்டியைத்தான் உடனே காட்ட வேண்டும். வைத்தியத்துக்கு இப்போது மகரகமவரை ஓட வேண்டும் என்றும் இல்லை. யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது.

2017-இலிருந்து பாடசாலையில் தரம் 6 பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி. ஊசி போடுகிறார்கள். இதைப் போட்டால் பிள்ளை பிறக்காது என்று எங்கள் ஊர்களில் ஒரு கதை சுற்றியது. கையெழுத்து வைக்க மறுத்த உம்மாமாரும் உண்டு. பிள்ளைப்பேற்றுக்கும் அந்த ஊசிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சாச்சியைக் கொண்டுபோன நோய் வராமல் காக்கிற ஊசி அது. என் கொள்ளுப்பேத்திக்கு அந்த வயது வரும்போது நான் இருந்தால், நானே கைபிடித்துக் கூட்டிப்போவேன்.

கேள்வி கேட்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2024-இல் மன்னாரில் பிரசவத்தோடு தாய்மார் இறந்தபோது மாவட்டமே கொதித்தது. அந்தத் துக்கத்துக்குப் பிறகு சில பெண்கள் ஆஸ்பத்திரி என்றாலே நடுங்குகிறார்கள். பயந்து வீட்டில் இருப்பது உயிரைக் காக்காது. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு சேலை நனைகிற அளவுக்கு இரத்தம் போனாலும், தலையிடி வந்து கண் மங்கினாலும், காய்ச்சல் அடித்தாலும், பிள்ளை பிறக்குமுன் வயிற்றில் அதன் துடிப்புக் குறைந்தாலும், அங்குள்ளவர்களிடம் அது தொடங்கிய நேரத்தைச் சொல்லி, சத்தமாகச் சொல்லி, பார்க்கும்வரை சொல்லுங்கள். வீட்டில் இருக்கும்போது இவை வந்தால் 1990-க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். 1990 என்ற இலக்கம் எங்கள் தலைமுறைக்கு வேறொன்றை ஞாபகப்படுத்தும். எழுதும்போதே கை நடுங்குகிறது. என் பேத்திமாருக்கு அது உயிர் காக்கிற இலக்கமாக இருக்கட்டும். என்ன குளிசை, எதற்கு, எத்தனை நாள், என்ன பக்கவிளைவு, வேறு வழி இருக்கிறதா என்று கேட்பது நோயாளியின் உரிமை. கேட்க வேண்டியவற்றை வீட்டிலேயே ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே போனதும் மறந்துவிடும்.

உங்கள் பக்கத்துக் கடமையும் இருக்கிறது. கர்ப்பிணி அட்டையில் ஒன்று உங்களிடம், ஒன்று மிஸ்ஸிடம். உங்களிடம் இருப்பது கையோடு இருக்க வேண்டும், அலுமாரிக்குள் இல்லை. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் உங்கள் கதையை அங்குள்ளவர்களுக்குச் சொல்வது அந்த அட்டைதான். நாங்கள் இடம்பெயர்ந்தபோது காணி உறுதியைக்கூடக் கொண்டுபோன பெண்கள் இருந்தார்கள். கிளினிக் அட்டையைக் கொண்டுவந்தவர்கள் குறைவு. புத்தளத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. கொடுத்த நாளில் போக முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிள்ளை கலைந்ததையோ, வேறு இடத்தில் மருந்து எடுத்ததையோ மறைக்காதீர்கள்.

மாமிமாரே, உம்மம்மாமாரே, இது உங்களுக்கு. மருமகளைக் கிளினிக்குக் கூட்டிப்போங்கள், வாங்கில் வெளியில் இருங்கள். அவள் உள்ளே இருக்கிற நேரத்தில், அடுத்த சுவநாரி கிளினிக் எந்த நாள் என்று மிஸ்ஸிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 35 முடித்த மகளுக்கு ஒரு நாள், 45 முடித்த தங்கச்சிக்கு ஒரு நாள் குறித்துக் கொடுங்கள். உங்களுக்கே இரத்தமோ கட்டியோ இருந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்காமல் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.